காற்றுத் திறப்பு

பாடசாலைக் கட்டுரைகளுக்கு மேல் எதையும் எழுதியறியாத நான், இப்படியொரு கதையை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதனை எனக்குச் சொன்னவர் சுபாஸ்கரன் என்னும், வீடுகளுக்குச் சூடேற்றும் ஹீற்றிங் வேலைக்காரர். அவர் சொன்ன நாளிலிருந்து நான் எங்கள் வீட்டு ரேடியேற்றருக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுப்பதில்லை. எழுத்தில் உள்ள பிழைகள் யாவும் என்னுடையவை. அச்சம் மட்டும் அவருடையது.

2009ஆம் ஆண்டு மாசி மாதம், லண்டனில் பனி கொட்டித் தீர்த்த வாரம் அது. பஸ்கள் ஓடவில்லை. பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. கோலியர்ஸ் வுட்டில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடுகளின் வரிசை ஒன்றின் முன்னால் சுபாஸ்கரன் தமது வானை நிறுத்தினார். மற்ற வீடுகளின் கூரைகளில் பனி இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வீட்டின் கூரையில் மட்டும் அது தடிப்பாக, அசையாமல் கிடந்தது. உள்ளே சூடு இல்லையென்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஜேர்மனியில் டோர்ட்மூண்ட் நகரில் பழகிய தொழில் அது.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரரான குகநாதன். நீண்ட கோட்டும் கம்பளித் தொப்பியும் அணிந்திருந்தார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, காலிலையே கிடக்கட்டும். உள்ளுக்கை வெளியிலையும்விடக் குளிர்."

"எங்கையோ வெளிக்கிட்டு நிக்கிறியள் போலை, அண்ணை?"

"படுக்கப் போறதும் இந்தக் கோலத்திலைதான். மனுசி சொல்லுறா, கலியாணத்துக்குக்கூட நான் இவ்வளவு உடுப்புப் போடேல்லையாம்."

அடுப்படியிலிருந்து பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறியின் மிளகு மணம் வந்தது. முன்னறையில் தொலைக்காட்சி வன்னிப் போர்ச் செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே இருப்பவளின் காதில் விழக்கூடாதென்று சத்தத்தை முற்றாகக் குறைத்து வைத்திருந்தார்கள். மேலே இருப்பவள் கௌசி, அவர்களுடைய ஒரே மகள். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தையுடன் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பூனைக்குட்டி முனகுவதைப் போன்ற, நடுவில் விக்கி விக்கி எழும்பும் அந்தக் குழந்தையின் அழுகை மாடிப்படி வழியே இறங்கி வந்தது.

படியின் தலைப்பில் குகநாதனின் மனைவி நகுலேஸ்வரி நின்றார்.

"தம்பி, இண்டைக்கே செய்து தருவியளோ? பிள்ளையின்ரை உள்ளங்கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு. அறை சூடாகாட்டில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும் எண்டு மிட்வைஃப் சொல்லிப்போட்டுப் போட்டா. நிறை ஏறாத பிள்ளை. குளிர் பிடிச்சா நான் என்ன செய்யிறது?"

"செய்யாமல் போகமாட்டன், அக்கா," என்றார் சுபாஸ்கரன்.

பழுது எங்கே என்பதை அறிய அதிக நேரம் எடுக்கவில்லை. அடுப்படியில் இருந்த பொய்லர் ஒழுங்காகவே எரிந்தது. அது சூடாக்கும் தண்ணீரை ஒவ்வோர் அறைச் சுவரிலும் உள்ள இரும்பு ரேடியேற்றருக்குச் சுற்றி அனுப்பும் பம்ப்தான் இறுகிப்போயிருந்தது. கௌசியின் அறைக்கு அடுத்தாற்போல், சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் சிறிய அலுமாரிக்குள் அந்தப் பம்ப் இருந்தது. அதன்மேல் பூசியிருந்த பச்சை நிறம் செதில் செதிலாக உரிந்திருந்தது. கோடையில் வீட்டை வாங்கிய குடும்பம், இந்தப் பனி வரும்வரை சிறிய மின்சாரச் சூடேற்றிகளோடு சமாளித்திருந்தது; இந்தக் குளிருக்கு அவை போதவில்லை.

சுபாஸ்கரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. திருப்புளியின் நுனியைப் பம்பின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்பார். வைத்தியர் நெஞ்சுக்குழாய் வைப்பதைப் போல. இறுகிய பம்ப் என்றால் மின்சாரம் முட்டி மோதும் ரீங்காரம் கேட்கும். கேட்டது. பின்னர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, திருப்புளியை எடுக்க மறந்தவராகச் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

ரீங்காரம் நின்றுவிட்டது. ஆனால் இன்னொன்று நிற்கவில்லை.

மிக மெதுவாக, யாரோ மூக்கினால் காற்றை உள்ளே இழுக்கும் ஓசை.

அவர் திருப்புளியை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பழைய வீட்டுக் குழாய்களுக்கு ஆயிரம் ஓசைகள் இருக்கும். பம்பின் மேலும் கீழும் இருந்த வால்வுகளைப் பூட்டி, கீழே ஒரு கோப்பையை வைத்து, பெரிய நட்டுகளைத் தளர்த்தினார். கறுத்த தண்ணீர் ஒழுகியது. அதில் இரும்புத்துரு மணத்துடன் வேறொரு மணமும் கலந்திருந்தது. நாள் கணக்காக ஈரத்தில் முடிந்து வைத்த தலைமுடியின் மணம்.

பம்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரத்தைச் சுற்றி வெண்ணிறமாக ஏதோ கிடந்தது. முதலில் சணல் என்று நினைத்தார். விரலால் தொட்டபோது அது முடி என்று தெரிந்தது. நீண்ட, நரைத்த, பெண்ணின் முடி. தாங்கியும் குழாயும் இரும்பும் மட்டுமே உள்ள ஒரு சுற்றுக்குள், தண்ணீரைத் தவிர எதுவும் புக வழியில்லாத இடத்தில்.

அது சிக்கிக்கொண்ட முடி அல்ல.

பின்னப்பட்டிருந்தது.

மூன்று புரியாக, நெருக்கமாக, சக்கரம் அசைய முடியாதபடி இறுக்கிக் கட்டுவதற்கென்றே யாரோ பொறுமையாக உட்கார்ந்து பின்னியதைப் போல.

இதைப்பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் சொல்லக்கூடிய செய்தி அல்ல அது. பழைய பம்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வானின் பின்பக்கம் வைத்துவிட்டு வந்து, புதியதைப் பூட்டினார். தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறதா என்று இருமுறை பார்த்து, வால்வுகளைத் திறந்து, மின்சாரத்தைக் கொடுத்தார்.

வீடு அசைந்தது போலிருந்தது. தாங்கியடியில் ஒரு தட்டல். பின் குளியலறையில். பின் முன்னறையில். ஏதோ ஒன்று நீண்ட காலம் மடக்கி வைத்திருந்த காலை நீட்டி, அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போவதைப் போல அந்தத் தட்டல் குழாய் வழியே நகர்ந்தது. அது போன இடமெல்லாம் சூடேறியது.

"ஐயோ, சூடு வருது," என்றார் குகநாதன் கீழிருந்து. தொப்பியைக் கழற்றி ரேடியேற்றரின் மேல் வைத்தார்.

இனிச் செய்ய வேண்டியது, ஒவ்வொரு ரேடியேற்றரின் மூலையிலும் உள்ள சிறு வால்வைத் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுவது. அதற்கென்று சாவியைப் போல, விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் திறப்பு உண்டு. சுபாஸ்கரன் எல்லா அறைகளையும் முடித்துக்கொண்டு கௌசியின் வாசலுக்கு வந்தபோது நகுலேஸ்வரி குறுக்கே நின்றார்.

"உள்ளுக்கை பிள்ளை பெத்த துடக்கு, தம்பி. நீங்கள் வந்தால் பிறகு தலைமுழுக வேணும், இந்தப் பனியிலை அது பாவம். திறப்பைத் தாங்கோ. சொல்லித் தந்தால் நான் செய்வன்."

பாதி திறந்த கதவினூடாகக் கட்டிலின் ஒரு பக்கம் தெரிந்தது. கௌசியின் பின்னல் கட்டில் விளிம்பைத் தாண்டி, நிலத்தைத் தொடுமளவுக்கு நீண்டு தொங்கியது.

"இடப்பக்கம் திருப்புங்கோ, அக்கா. உஸ் எண்டு காத்து வரும். தண்ணி சொட்டத் தொடங்கினதும் பூட்டுங்கோ."

நகுலேஸ்வரி திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"உஸ் எண்டு கேக்குது, தம்பி. ஆனால் காத்து வரேல்லை."

"வரேல்லையோ? பின்னை எப்பிடிக் கேக்குது?"

"உள்ளுக்கை போகுது. என்ரை சால்வை நூலை இழுக்குது."

"அம்மா, அது உங்களைக் கொஞ்சுது," என்று கௌசி சிரிப்பது கேட்டது. "விடுங்கோ, ரேடியேற்றருக்கும் ஆசை இருக்கும்தானே."

"பூட்டுங்கோ, அக்கா. பூட்டிப்போட்டுத் திறப்பைத் தாங்கோ," என்றார் சுபாஸ்கரன். புதுப் பம்ப் இழுக்கும் பக்கத்தில் சில வேளைகளில் அப்படி நடப்பதுண்டு. தமக்குத் தாமே அதைச் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே திறப்பைச் சட்டைப்பையில் போட்டார்.

வெளியே, பக்கத்து வீட்டு எமில்டா தன் வாசற்படியில் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். நீண்ட காலமாக அந்தத் தெருவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்மணி அவர்.

"உங்கை பம்பை மாத்திப்போட்டியள் போலை," என்றார் எமில்டா.

"எப்பிடித் தெரியும்?"

"நடுவிலை ஒரு சுவர்தானே. குழாயிலை அந்தத் தட்டல், நான் வந்த காலத்திலை ஒருக்காக் கேட்ட சத்தம். பிறகு இண்டைக்குத்தான்." அவர் உப்பு வாளியைக் கீழே வைத்தார். "முந்தி இருந்த வெள்ளைக்காரக் கிழவி எந்தப் பனியிலும் ஹீற்றிங் போடமாட்டா. வீட்டுக்குள்ளையும் கோட். தலையிலை எந்த நேரமும் துணி. ஆர் வந்தாலும் பம்பைத் தொட விடமாட்டா. கடைசியா அம்புலன்சிலை ஏத்தேக்கை துணி விலகினது. தம்பி, தலையிலை ஒரு மயிர் இல்லை. என்னைப் பாத்து வாயைத் திறந்து என்னமோ சொன்னா. சத்தமும் இல்லை."

"வயது போனால் அப்பிடித்தான், அக்கா."

"ஓம், அப்பிடித்தான்," என்றார் எமில்டா. மிகுதி உப்பை அவர் தமது வாசலில் தூவவில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்த எல்லையில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் குகநாதன் மீண்டும் அழைத்தார். புதுப் பம்பும் இறுகிவிட்டதாம்.

சுபாஸ்கரன் போய் வால்வுகளைப் பூட்டிக் கழற்றினார். இம்முறை தண்ணீர் கறுப்பாக இல்லை, தெளிவாக இருந்தது. அதில் மிதந்து வந்த மணத்தை அவர் உடனே அறிந்துகொண்டார். அது சாம்பிராணி.

சக்கரத்தைச் சுற்றிக் கருமையான, நீண்ட, இளம் பெண்ணின் முடி. பாதிதான் பின்னப்பட்டிருந்தது. பின்னல் இன்னும் முடியவில்லை.

"அக்கா," என்றார் அவர். "தங்கச்சிக்கு எப்பிடி முழுக வாக்கிறியள்?"

"எல்லாரும் வாக்கிற மாதிரித்தான். வேப்பிலை அவிச்ச தண்ணி. பிறகு சாம்பிராணி பிடிப்பன். ஸ்மோக் அலாரம் கத்துது எண்டு உவர் அதின்ரை பற்றறியைக் கழட்டி வைச்சிருக்கிறார்."

"தலையை எப்பிடிக் காயவிடுறியள்?"

"உந்த ஊரிலை வெயிலுக்கு எங்கை போறது? ரேடியேற்றருக்கு முதுகு காட்டி இருத்தி, தலைமயிரை அதிலை விரிச்சு விடுவன். நல்லாக் காயுது, தம்பி. சூட்டுக்கு அவளும் அப்பிடியே நித்திரையாப் போவாள்."

சுபாஸ்கரனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஆரணி. நடனம் பழகுகிறவள், பின்னல் நீளமானது. தலைமுழுகிய நாட்களில் அவளும் அப்படித்தான் தமது வீட்டு ரேடியேற்றரில் கூந்தலை விரித்துக்கொண்டு படிப்பாள். அந்த நினைவு அவருக்கு ஏனோ அப்போது வந்தது.

கௌசி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், திரும்பவும் உடைஞ்சு போச்சோ?"

நிலத்தைத் தொட்ட பின்னல் தோளோடு முடிந்திருந்தது.

"தங்கச்சி, தலைமயிரை வெட்டினனீரோ?"

"இல்லையே. கொட்டுது. பேபி பிறந்தால் எல்லாருக்கும் கொட்டுமாம், மிட்வைஃப் சொன்னவ." அவள் நுனியைக் கையில் எடுத்து வியப்புடன் பார்த்தாள். "ஆனா தலையணையிலை ஒண்டும் இல்லை. எங்கை போகுது எண்டுதான் தெரியேல்லை."

சுபாஸ்கரன் நகுலேஸ்வரியைத் தனியே அழைத்து, அலுமாரிக்குள் இருந்ததைக் காட்டினார். அது மகளின் முடி என்பதை அவர் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டார்.

"ஹீற்றிங்கை நிப்பாட்டிப்போட்டு ஃபாரஸ்ட் கேட்டிலை இருக்கிறா எண்டு அண்ணை சொன்ன அவற்றை தங்கச்சி வீட்டுக்குப் போங்கோ, அக்கா. இண்டைக்கே போங்கோ."

"துடக்கோடை ஒருத்தற்றை வீட்டுக்குப் போறதோ? அவை சாமியறை வைச்சிருக்கிற ஆக்கள். முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் படி ஏறேலாது, தம்பி. நிப்பாட்டிப்போட்டு இஞ்சையே இருப்பம் எண்டால், அந்தப் பச்சைப்பிள்ளை..." அறைக்குள்ளிருந்து குழந்தை விக்கி விக்கி அழுதது. "காலைத் தொட்டுப் பாருங்கோ எண்டு உங்களைக் கூப்பிடவும் ஏலாமல் இருக்கு. அவ்வளவு குளிர்."

சுபாஸ்கரன் மீண்டும் அலுமாரிக்கு முன்னால் போனார். வெளியே மீண்டும் பனி பெய்யத் தொடங்கியிருந்தது. இறுதியில் அந்த முடியை வெட்டி எடுத்து, சக்கரத்தைச் சுத்தமாக்கி, பம்பை மீண்டும் பூட்டினார். தலைமயிரை இனி விரிக்கக் கூடாது, பிள்ளையை ரேடியேற்றருக்குக் கிட்டக் கிடத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நகுலேஸ்வரி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

மறுநாள் காலை தொலைபேசி வந்தது.

"தம்பி," என்றார் குகநாதன். "பிள்ளை அழேல்லை."

"நித்திரையோ, அண்ணை?"

"இல்லை. அழுகுது. ஆனால் அழேல்லை. நீங்கள் வாங்கோ."

கதவு திறந்தே கிடந்தது. வீடு நல்ல வெப்பமாக, வசதியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சுபாஸ்கரன் படியேறி, வழக்கம்போல் வாசலில் நின்றார்.

"துடக்கும் மண்ணாங்கட்டியும். உள்ளுக்கை வாங்கோ," என்றார் நகுலேஸ்வரி.

விடியற்காலைக் குளிரில் சற்று நேரம்தானே என்று அவர் குழந்தையின் கூடையை ரேடியேற்றரின் ஓரமாக நகர்த்தியிருந்தார். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். இப்போது குழந்தை அவருடைய கைகளில் கிடந்தது. முகம் சிவந்து, கைகளை முறுக்கி, வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

குழந்தையின் கம்பளித் தொப்பியை நகுலேஸ்வரி மெல்ல விலக்கினார். பிறக்கும்போதே அடர்த்தியாக இருந்த கருமுடி எதுவும் அங்கே இல்லை. தலை முட்டையோட்டைப் போல வழுவழுப்பாக இருந்தது.

கௌசி சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தாள். அவளுடைய கண்கள் ரேடியேற்றரின் மூலையை விட்டு அகலவில்லை.

"அது திறந்திருக்கு, அங்கிள்," என்று கிசுகிசுத்தாள்.

வால்வு திறந்திருந்தது. அதைத் திறக்கக்கூடிய திறப்பு சுபாஸ்கரனின் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் கிட்டப் போனார். அந்தச் சிறு துளை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சீராக, அவசரமில்லாமல், தூங்குகிற ஒருவரைப் போல. திறப்பை மாட்டித் திருப்பினார். அது திரும்ப மறுத்தது. இரு கைகளாலும் பிடித்தார். அவருடைய முன்கையில் இருந்த முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து அந்தத் துளையை நோக்கிச் சாய்வதைக் கண்டார்.

ஒருவாறு அது பூட்டிக்கொண்டது.

அதன்பின் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வானுக்கு ஓடி, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கிடந்த பழைய பம்பை எடுத்து வந்தார். புதியதைக் கழற்றிவிட்டு, நரைத்த பின்னலோடு கூடிய பழையதை முன்பிருந்த இடத்திலேயே பூட்டினார். தம் வாழ்நாளில் வேலை செய்யாத ஒரு பொருளை அவ்வளவு கவனமாகப் பூட்டியது அதுவே முதல் தடவை என்று பின்னர் என்னிடம் சொன்னார். வால்வுகளைத் திறந்ததும் குழாய் வழியே அந்தத் தட்டல் வேகமாக வந்தது. முன்னறை, குளியலறை, தாங்கியடி. பம்பின் வாசலுக்கு வந்து நின்றது. பின்னல் ஒரு முறை இறுகும் ஓசை கேட்டது.

வீடு மூச்சை அடக்கிக்கொண்டதைப் போலிருந்தது.

நால்வரையும் தமது வானில் ஏற்றி, முதலில் ஆஸ்பத்திரிக்கும் பின்னர் ஃபாரஸ்ட் கேட்டுக்கும் கொண்டுபோய் விட்டார். குகநாதனின் தங்கை சாமியறைக் கதவைத் தானே சாத்திவிட்டு, வாசலில் வந்து குழந்தையை வாங்கினார். வைத்தியர்கள் தொண்டையைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்றார்கள். குழந்தை நிறை ஏறியது. பால் குடித்தது. சிரிக்கவும் பழகியது. அழும்போது மட்டும் யாராவது அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அழுவது தெரியாது.

பனி உருகிச் சில வாரங்களின் பின் ஒரு மாலைப்பொழுது. டூட்டிங்கில் தமது வீட்டு முன்னறையில் சுபாஸ்கரன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைமுழுகிய ஆரணி, ரேடியேற்றருக்கு முதுகைக் காட்டி, கூந்தலை அதன்மேல் விரித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். ரேடியேற்றர் களகளவென்று ஒரு சத்தம் போட்டது. காற்று அடைபட்டிருக்கிறது. எத்தனையோ முறை செய்த வேலை. கையில் எடுத்த கோப்பையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. மறு கையால் சட்டைப்பையிலிருந்த பித்தளைத் திறப்பை எடுத்து, வால்வில் மாட்டி, இடப்பக்கம் திருப்பினார்.

அதே திறப்பு.

திருப்பிய பின்னர்தான் அது அவருக்கு உறைத்தது.

துளையிலிருந்து காற்று வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. மிக மெல்லியதாக, தொலைவிலிருந்து, பூனைக்குட்டி முனகுவதைப் போன்ற ஓர் ஓசை வந்தது. நடுவில் விக்கியது. மீண்டும் எழும்பியது.

ஆரணி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, ஆற்றை பிள்ளை அழுகுது?"

சுபாஸ்கரன் கோப்பையைக் கீழே வைத்தார். திறப்பைத் திருப்பிப் பூட்டினார். மகளின் கூந்தலை ரேடியேற்றரிலிருந்து எடுக்கப் போனார். அது உடனே வரவில்லை. சற்று இழுக்க வேண்டியிருந்தது.

இக்கதையில் இழக்கப்பட்டவை பின்வருமாறு:

புதிய பம்ப் ஒன்று. அதனைச் சுபாஸ்கரன் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டார்.

கௌசியின் கூந்தல், நிலத்திலிருந்து தோள்வரை.

குழந்தையின் பிறந்தமுடி. முப்பத்தோராம் நாள் மழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

குழந்தையின் அழுகைச் சத்தம்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீடு. அது இன்றும் பூட்டியே கிடக்கிறது.

ஆரணியின் பின்னலில், இன்று காலைவரை, நான்கு விரற்கடை.